உவர் நிலத்தில் நுண்ணுயிர் உரம் ஏன் சோர்ந்து போகிறது?

காரைக்கால் கடலோரத்தில், குறிப்பாகத் திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரிப் பக்கங்களில் நெல் பயிரிடும் விவசாயிகள் அசோஸ்பைரில்லம் பற்றி ஒரு குறை சொல்வதுண்டு. மேற்கே நன்னிலத்தில் பயிர் பச்சை கட்டுகிறது. அதே பொட்டலத்தைக் கடலோர வயலில் இட்டால் ஒன்றும் தெரிவதில்லை என்பதே அது. பொட்டலத்தைக் குறை கூறுமுன், அதிலுள்ள பாக்டீரியா உப்பை எவ்வாறு சமாளிக்கிறது என்று அறிந்து கொள்வது நலம்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். வெளியே உப்பு மிகுந்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும் என்பது இயற்கை. பாக்டீரியாவோ ஒரே ஒரு செல். அதன் நீர் போய்விட்டால் செல் சுருங்கி வேலை நின்றுவிடும். தப்பிக்க வேண்டுமானால், உள்ளேயும் ஏதாவது ஒரு பொருளைக் கரைத்து வைத்து வெளியே உள்ள உப்பின் இழுப்பைச் சமன் செய்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியை உப்பளத்தில் காணலாம். வேதாரண்யம் போன்ற இடங்களில் உப்பு விளையும் தருவாயில் பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்தப் பாத்திகளில் அதைப்போல் பல மடங்கு. நிறத்திற்கு முக்கியக் காரணம் அங்கே பெருகும் நுண்ணுயிர்கள். (விஞ்ஞானிகள் இவற்றைப் பாக்டீரியாவுடன் சேர்க்காமல் ஆர்க்கியா என்று தனி இனமாக வைத்துள்ளனர்.) இவை சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, பொட்டாசியத்தை உள்ளே நிரப்பிக் கொள்கின்றன. இவற்றின் புரதங்களும் உப்பிலேயே இயங்கும்படி அமைந்தவை. நல்ல தண்ணீரில் விட்டால் வெடித்துச் சாகும். ஆகவே இவை நம் வயலுக்கு ஆகா.

வயல் பாக்டீரியாவின் வழி வேறு. உப்பு ஏறியதும் முதலில் அவசரத்திற்குச் சிறிது பொட்டாசியத்தை இழுத்துக் கொள்ளும். பிறகு கிளைசின் பீட்டெய்ன், புரோலின், டிரெஹலோஸ் போன்ற, செல்லுக்குத் தீங்கு செய்யாத பொருள்களைச் சேர்த்து வைக்கும். மழை பெய்து உப்பு நீர்த்துவிட்டால், செல் உப்பி வெடிக்காதபடி சவ்விலுள்ள கதவுகள் நொடிப்பொழுதில் திறந்து, சேர்த்ததை வெளியே கொட்டிவிடும். ஒரு நாள் காய்ச்சலும் மறுநாள் வெள்ளமுமாக இருக்கும் நம் கடைமடை மண்ணுக்கு இந்த முறையே பொருந்தும்.

ஆனால் இதற்குச் செலவு அதிகம். இந்தப் பொருள்களைத் தயாரிக்கக் கரிமச்சத்தும் சக்தியும் வேண்டும். காற்றிலுள்ள ஒரு மூலக்கூறு நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுவதற்கும் குறைந்தது 16 மூலக்கூறு ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் செலவாகிறது. வருமானம் குறைந்த வீட்டில் இரண்டு பெருஞ்செலவுகள் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? உயிர் பிழைப்பதே முதல் வேலையாகிவிடும். தழைச்சத்து வேலை நின்றுவிடும். பாக்டீரியா சாகவில்லை, சும்மா இருக்கிறது. பலன் தெரியாததன் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான்.

எனவே உப்பைக் குறைப்பதும், பாக்டீரியாவுக்குத் தீனி போடுவதும் முதலில் நடக்க வேண்டும். கோடையில் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்போது பொட்டலம் இடுவது வீண். ஆற்று நீரோ மழை நீரோ கிடைத்ததும் வரப்பை உயர்த்தி நீரைத் தேக்கி, இரண்டொரு நாளில் வடிகாலில் விடுதல் வேண்டும். வடிகால் தூர்ந்திருந்தால் இதனால் பயனில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த வயல்களிலும் அடுத்து வந்த பருவமழைதான் உப்பைப் பெருமளவு கழுவியது.

அடுத்து தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். உவரைத் தாங்கி வளரும் இப்பயிர் தழைச்சத்துடன் கரிமச்சத்தையும் தருகிறது. மட்கும் இலைதழையிலிருந்தும் வேர்க்கசிவிலிருந்தும் பீட்டெய்ன் போன்றவை ஆயத்தமாகக் கிடைத்தால், பாக்டீரியா அவற்றைத் தானே தயாரிக்கும் செலவு மிச்சம்.

நடவின்போது ஏக்கருக்கு 2 பொட்டலம் அசோஸ்பைரில்லத்தை நீரில் கரைத்து நாற்றின் வேரை நனைத்து நடவும். மேலும் 4 பொட்டலத்தை 10 கிலோ மட்கிய தொழு உரத்துடன் கலந்து தூவவும். பல விவசாயிகள் வேலை மிச்சம் என்று யூரியாவுடனோ பொட்டாஷுடனோ கலந்து வீசுகிறார்கள். அது பாக்டீரியாவை நேரே உப்பளத்தில் தள்ளுவதற்குச் சமம். தற்காப்புப் பொருள் சேர்க்க அதற்கு அவகாசமே கிடைக்காது. இரண்டுக்கும் இடையே ஒரு வாரமாவது இடைவெளி விடவும்.

உவர் மண்ணிலேயே பிறந்த இனங்களைத் தேடும் ஆராய்ச்சியும் நடந்துள்ளது. நமக்கு வடக்கே பிச்சாவரம் சதுப்பு நிலத்துக் காட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்த, உப்பைத் தாங்கித் தழைச்சத்தை நிலைநிறுத்தும் ஒரு பாக்டீரியாவுக்கு, டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் பெயரால் சுவாமிநாதானியா என்று 2004இல் பெயரிட்டனர். பொட்டலம் வாங்கும்போது, உவர் நிலத்திற்கென்று தேர்ந்த இனம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

மண் பரிசோதனையைக் கோடையிலேயே செய்துவிடவும். நிறைவுச் சாற்றின் மின்கடத்தும் திறன் 4க்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5க்கு மேல் போனால் களர் தன்மை இருக்கக்கூடும். அதற்கு ஜிப்சம் இட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைப் பரிசோதனை முடிவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.