பதிவகத் தூய்மி மென்பொருள்: ஆம்பூர் வட்டாரத் தோல் ஏற்றுமதி அலுவலகங்களை முன்வைத்து

வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் ஏற்றுமதிக்குரிய ஷிப்பிங் பில், சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் மின்கையொப்பத்துடன் பதியப்படுகிறது. கையொப்ப டோக்கனுக்குரிய மென்பொருளை விண்டோஸ் அடையாளம் காண்பது ரெஜிஸ்ட்ரி எனும் பதிவகத்தின் வழியாகும். கணினியை விரைவாக்குவதாகக் கூறும் தூய்மிகள் கைவைப்பதும் அங்கேயே.

ஒரு பதிவு சுட்டும் கோப்பு உரிய இடத்தில் உள்ளதா என்பதையே தூய்மி பெரிதும் நோக்குகிறது. சர்வர் அணைந்திருக்கும் வேளையில் அதை இயக்கினால், சர்வரிலுள்ள கணக்கு மென்பொருளின் பதிவுகளும் பயனற்றவையாகத் தோன்றக்கூடும். நீக்கியதன் விளைவு கப்பலேற்றும் நாளன்றுதான் தெரியவரும். வேகமோ கூடுவதில்லை, பதிவகம் மரக்கிளை அமைப்புடையது, விண்டோஸ் தனக்கு வேண்டிய கிளையை மட்டுமே நாடுகிறது. ரெக்கிளீன் என்னும் தூய்மியை முன்பு வழங்கிய மைக்ரோசாஃப்ட்டே பின்னர் அதனை விலக்கிக்கொண்டது. 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்பில் தீநிரல் புகுத்தப்பட்டிருந்ததும் நினைக்கத்தக்கது.

பயன் ஒன்றுண்டு. அரைகுறையாக நீக்கப்பட்ட மென்பொருளின் எச்சம் மறுநிறுவலைத் தடுக்கும்போது அதனைக் களைதல் வேண்டும். அதற்கும் மைக்ரோசாஃப்ட்டின் நிறுவல் பழுதுநீக்கியே பெரும்பாலும் போதுமானது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் பதிவகத்தின் தானியங்கிப் படியெடுப்பு இயல்பாக நிகழ்வதில்லை. ஆதலின் எதனை நீக்குமுன்னும் படியை நாமே எடுத்தல் வேண்டும்.