உங்களுக்குத் தெரியுமா? ஒரு தாய் ஏந்திய பதாகை

பால்புதுமையினரின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகளுக்கு முன்னோடி, அமெரிக்காவின் ‘பிஃபிளாக்’. அதற்கு வித்திட்ட ஜீன் மான்ஃபோர்டு, நியூயார்க்கில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 1972 ஏப்ரலில், தன்பாலீர்ப்பாளரான அவருடைய மகன் மார்ட்டி ஒரு போராட்டத்தில் அடித்து உதைக்கப்பட்டார். போலீஸார் தடுக்கவில்லை என்று கண்டித்து ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழுக்கு ஜீன் கடிதம் எழுதினார். தன் மகன் தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு தாய் பெயர் போட்டு எழுதியது அன்று சாதாரணத் துணிச்சல் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே அப்போது தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது.

அந்த ஜூனில் தன்பாலீர்ப்பாளர் உரிமை ஊர்வலத்தில் மகனுடன் நடந்த ஜீனின் கையில், பிள்ளைகளுக்காகப் பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்று எழுதிய அட்டை இருந்தது. வழியில் இளைஞர்கள் ஓடிவந்து, தங்கள் பெற்றோரிடமும் பேசும்படி கெஞ்சினார்கள். 1973 மார்ச்சில், கிரீன்விச் வில்லேஜின் மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் நடந்த அத்தகைய பெற்றோரின் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 20 பேர். அதிலிருந்து வளர்ந்த பிஃபிளாக்குக்கு இன்று நூற்றுக்கணக்கான கிளைகள்.

வேலைமுறை எளியது: பிள்ளையின் பாலீர்ப்பை ஏற்றுக்கொள்ளும் கட்டத்தை ஏற்கெனவே கடந்துவந்த பெற்றோர், புதிதாக வருபவரோடு உட்கார்ந்து பேசுவார்கள். ‘வளர்ப்பில் தவறோ?’, ‘சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது?’ என்ற கேள்விகளுக்கு மருத்துவரைவிட இன்னொரு தாயின் பதில் எளிதில் எடுபடும். சட்ட மாற்றத்துக்காகக் குரல் கொடுப்பதும் இவ்வமைப்பின் பணியே.

இந்தியாவில் ‘ஸ்வீகார்’ என்ற பெற்றோர் குழு இயங்குகிறது. தன்பாலினத் திருமண வழக்கு நடந்த 2023 ஏப்ரலில், அதைச் சேர்ந்த 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குத் திருமண உரிமை கேட்டு இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள்.