வான்வழி – 7: ரேணிகுண்டாவிலிருந்து எவ்வளவு நேரம்?

திருப்பதி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும், அது இருப்பது நகரத்திலிருந்து 15 கி.மீ. தள்ளி, ரேணிகுண்டாவில். அங்கிருந்து ஐதராபாத்தின் சம்சாபாத் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கி.மீ. ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படிப் பார்த்தால் அரைமணி நேரம் போதும். கால அட்டவணையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் என்கிறது. அட்டவணையில் பிழையில்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும் வரையான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலேற வேண்டும், ஊர் வெகுதூரத்தில் இருக்கும்போதே வேகம் குறைத்து இறங்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்துக்குக் கிடைப்பது நடுவிலுள்ள கொஞ்ச தூரம்தான். தூரம் பாதியானாலும் இந்த நேரங்கள் பாதியாவதில்லை. விசாகப்பட்டினம் ரேணிகுண்டாவுக்கு 600 கி.மீ.; ஐதராபாத்தைவிட 180 கி.மீ. அதிகம். அதற்காக வானத்தில் கூடுவது கால் மணி நேரம்தான். 2017இல் பறக்கத் தொடங்கிய, மத்திய அரசின் ‘உடான்’ வட்டார விமானத் திட்டமும் 500 கி.மீ. பயணத்தை ஒரு மணி நேரமாகக் கணக்கிட்டே 2,500 ரூபாய் கட்டண உச்சவரம்பு வைத்தது. அதனால் கிலோமீட்டரை வைத்துப் பயண நேரத்தை ஊகிப்பது நம்மை ஏமாற்றும். குறுந்தூரப் பயணத்தில் மிக அதிகமாக ஏமாற்றும்.

சொந்த விமான நிலையம் இல்லாத சித்தூரிலிருந்து ஐதராபாத் போகிறவர் இந்தக் கணக்கை வீட்டு வாசலிலிருந்து போட வேண்டும். ரேணிகுண்டாவுக்குச் சாலையில் சுமார் 80 கி.மீ., ஒன்றரை மணி நேரம். புறப்பாட்டுக்கு முன் நிலையத்தில் ஒன்றரை மணி. பறப்பது ஒன்றே கால் மணி. சம்சாபாத்திலிருந்து ஊருக்குள் போக இன்னொரு மணி. ஆக, ஐந்து மணி நேரத்துக்கு மேல். அப்படியானால் விமானமே வீண்தானே என்று கேட்கலாம். இல்லை. திருப்பதியிலிருந்து செகந்திராபாத்துக்கு 660 கி.மீ. இருப்புப்பாதையை வந்தே பாரத் ரயிலே கடக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதியவருக்கும் நோயாளிக்கும் அந்த மூன்று மணி மிச்சம் பெரிது. ஆனால் ரேணிகுண்டாவிலிருந்து நேர்கோட்டில் 100 கி.மீ.கூட இல்லாத சென்னைக்கு இந்த நியாயம் செல்லாது. மூன்று மணியில் முடியும் சாலைப் பயணத்தை எந்த விமானத்தாலும் வெல்ல முடியாது.

சித்தூருக்கே ஒரு விமான நிலையம் வந்தால் தீராதா என்பது அடுத்த கேள்வி. வந்தால் மிச்சமாவது அந்த ஒன்றரை மணிச் சாலைப் பயணம்தான். நிலையத்தில் காத்திருப்பதும் ஊர்ந்து போவதும் அங்கும் உண்டு. அந்த ஒன்றரை மணியைக் குறைக்க ஓடுபாதை தேவையில்லை. காட்பாடியிலிருந்து வரும் இருப்புப்பாதை சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாக ரேணிகுண்டாவுக்கே போகிறது. விமான நேரங்களுக்குப் பொருந்தும் ஒரு ரயிலும், ரேணிகுண்டா ஸ்டேஷனிலிருந்து விமான நிலைய வாசல்வரை ஒரு பஸ்ஸும் விட்டால் போதும். சித்தூர் மக்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.