சுத்தியலை எடுக்கும் முன்

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போதே கிள்ளானில் சாயக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். அப்பா சாய வாளியைத் தூக்க, பிள்ளைகள் உருளையையும் தூரிகையையும் சுமந்து வருவார்கள். ஆள் வைத்தால் கூலியே நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகும் என்பதால் பல குடும்பங்கள் வீட்டு வேலையைத் தாங்களே செய்துகொள்கின்றன. இது பாராட்டத்தக்க பழக்கம். ஆனால், வீட்டில் எந்த வேலையை நாமே செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதும் அந்த வேலையின் ஒரு பகுதியே.

சாயம் பூசுவது தயங்காமல் செய்யக்கூடிய வேலை. தவறு நேர்ந்தாலும் சுரண்டிவிட்டு மீண்டும் பூசலாம். தீபாவளி பெரும்பாலும் மாலை மழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருவதுதான் இதிலுள்ள சிக்கல். ஈரச் சுவரில் பூசிய சாயம் சில மாதங்களில் கொப்புளித்து உரியும். ஆகவே, உரிந்த பழைய சாயத்தைச் சுரண்டி, சுவரைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடிப்பூச்சு பூசிய பிறகே நிறச் சாயத்தை இருமுறை பூச வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடுவது பெரும்பாலும் அந்தக் காயவிடும் நாள்களைத்தான். கதவுக் கீல் மாற்றுவதும், குழாய்த் தலையிலுள்ள ரப்பர் வளையத்தை மாற்றுவதும் இத்தகைய வேலைகளே. தண்ணீரை மூடும் திருகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மின்சாரம் அப்படிப்பட்டதன்று. நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். வீட்டின் மின்பெட்டியில் மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்று இருக்கும். வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கொஞ்சம் குறைந்து திரும்பினால், அது வேறு வழியில் கசிகிறது என்று பொருள். ஒருவேளை, ஒரு மனிதரின் உடல்வழியே கசியலாம். ஆளைக் காக்கப் பொருத்தப்படும் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடும். ஓர் இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உயிரைப் பறிக்க அவ்வளவு சிறிய அளவே போதும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. சுடுநீர்க் கருவிக்கு ஒருவர் தாமே கம்பி இழுத்து, நிலக்கம்பியை இணைக்க மறந்தாலும் கருவி வேலை செய்யும், தண்ணீரும் சுடும். பிழை வெளியில் தெரியாமல் காத்திருக்கும். 

2021 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் பெய்த பெருமழையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளில் வெள்ளம் ஆளுயரத்தை மிஞ்சியது. நீர் வடிந்தபின் சேற்றை அள்ளவும் சுவரைக் கழுவவும் தன்னார்வலர்கள் திரண்டனர். அந்த வேலைகளுக்கு யாரும் கைகொடுக்கலாம். ஆனால், நீரில் மூழ்கிய மின்செருகி, வெளியே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே சேறும் ஈரமும் தங்கியிருக்கக்கூடும். அவற்றைத் திறந்து சோதிப்பதும், மறுபடியும் மின்சாரம் தருவதும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்கம்பிப் பணியாளரின் வேலை. மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மின்கசிவுத் துண்டிப்பானில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். பெற்றோரிடம் சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே நின்றால் கருவி நலமாக உள்ளது. நிற்காவிட்டால் ஆளை அழைக்க வேண்டும்.

அடுத்தது சுவர். வரவேற்பறையைப் பெரிதாக்க ஒரு சுவரை இடித்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். சில சுவர்கள் அறையைப் பிரிக்க மட்டுமே எழுப்பப்பட்டவை. சில சுவர்களோ மேல்தளத்தையோ கூரையையோ தாங்கி நிற்பவை. இரண்டிற்கும் மேற்பூச்சு ஒன்றுதான். தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வரைபடத்தைப் பார்த்துப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அதிலும் வரிசை வீடுகளில் இரு வீட்டாருக்கும் நடுவே பெரும்பாலும் ஒரே சுவர்தான். நம் பக்கம் விழும் சுத்தியல் அடி அடுத்த வீட்டுச் சுவரிலும் விழுகிறது. பழைய வீடுகளின் கூரைத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அவற்றை அறுத்தாலோ உடைத்தாலோ கிளம்பும் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும்; எனவே அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

வீட்டின் கட்டமைப்பை மாற்றவோ விரிவாக்கவோ வேண்டுமென்றால் முன்அனுமதி பெற வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம். கிள்ளானில் அந்த அனுமதியை வழங்குவது மாநகர் மன்றம். 2024 பிப்ரவரிக்கு முன் அது நகராண்மைக் கழகமாக இருந்தது. அனுமதிக்கு அலைவதைத் தொல்லை என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால், கிள்ளானின் மண்ணைப் பற்றித் தெரிந்தவர் அப்படிச் சலித்துக்கொள்ள மாட்டார்.

கிள்ளான் கடலோரச் சமவெளியில் அமைந்த ஊர். இதன் பல பகுதிகளில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் படியவைத்த மென்களிமண் ஆழமாகக் கிடக்கிறது. மண் பொறியியலாளர்கள் இதைக் ‘கிள்ளான் களிமண்’ என்றே பெயரிட்டு ஆராய்கிறார்கள். இந்த மண் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு போன்றது. மேலே பாரம் ஏறினால் உள்ளிருக்கும் நீர் மெல்ல மெல்லப் பிழியப்பட்டு வெளியேறும், மண் அமுங்கும். பஞ்சு அமுங்க ஒரு நொடி போதும். இந்தக் களிமண்ணுக்கோ பல ஆண்டுகள் தேவை.

இப்போது ஒரு வரிசை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது களிமண்ணைக் கடந்து, கெட்டியான மண்வரை இறங்கிய தூண்கள்மேல் நிற்கிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பம் பெருகுகிறது. பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறார்கள். செலவைக் குறைக்க ஆழமான தூண்கள் இல்லாமல், தரையிலேயே கான்கிரீட் தளம் போட்டுச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். முதல் ஆண்டு எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பழைய வீடு அசையாமல் நிற்க, புதிய சமையலறை மட்டும் இறங்கத் தொடங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல் தோன்றும். சாந்து பூசி மறைத்தால் மீண்டும் வரும். முன்பைவிட அகலமாக வரும். பிறகு தரை சாயும், கதவு மூடாது, அடியில் போகும் குழாய் முறியும். புதிய பகுதியைக் கம்பிகளால் பழைய வீட்டோடு இறுக்கிக் கட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இறங்கும் பகுதி நிற்கும் வீட்டையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் பொறியாளர்கள் புதிய பகுதிக்கும் தக்க தூண்களை இறக்கச் சொல்கிறார்கள். அல்லது இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடைக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டுச் சமையலறையில் அப்படியொரு விரிசல் இருந்தால் உடனே சாந்து பூச வேண்டாம். அதன் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் அளந்து எழுதுங்கள். ஆறு மாதமாக எண் மாறவில்லையென்றால் அந்த விரிசல் ஓய்ந்திருக்கலாம். மாறிக்கொண்டே போனால் பொறியாளரை அழைக்கும்போது அந்தத் தாளை அவரிடம் கொடுங்கள். விரிசல் வளர்கிறதா, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.