அபாயம் எந்தப் பாஷையில் பேசும்?

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், அரக்கும் வர்ணமும் செய்வதற்காக 1937-ஆம் ஆண்டு மைசூரில் ஸ்தாபிக்கப்பட்ட ஆலையே, 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் தொட்டு நம் விரலில் இடப்படும் அழியா மையைத் தயாரித்து வருகிறது. அந்த மையின் ஜீவநாடியான சில்வர் நைட்ரேட், விரலில் ஒரு கோடாக இருக்கும்வரை பரம சாது. செறிந்த நிலையிலோ சருமத்தைப் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையையே பறிக்கும். ஆகையால், சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் ஓர் உலோகத் தகட்டையும் ஒரு மனிதக் கையையும் அரிப்பதாகக் காட்டும் சித்திரத்தை, சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் வரைந்து அத்தகைய ரசாயனப் புட்டிகளின்மீது ஒட்டவேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபை வகுத்த முறை.

சித்திரம் எதற்கு, எழுத்துப் போதாதா என்று கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அச்சட்டப் பிரகாரம் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோருக்கு விளங்கும் பாஷையிலும், பிரதான வாயிலருகே, சுத்தமாகவும் வாசிக்கத்தக்கதாகவும் இருக்கவேண்டுமென்று விதித்தது. நல்ல விதிதான், ஆயினும் மைசூரின் ஹெப்பாள், ஹூட்டகள்ளித் தொழிற்பேட்டைகளில் கன்னடத்தாரோடு தமிழரும் வடநாட்டாரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும்போது, பற்சக்கரம் பெரும்பான்மை பார்த்துக் கையைப் பிடிப்பதில்லையே! இவ்விஷயத்தில் 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள் இன்னும் சற்று விவேகம் காட்டின என்பேன்: இந்தி அல்லது ஆங்கிலத்தோடு ஜில்லாவின் பாஷையையும் எழுதச் சொன்னதுடன் நில்லாமல், எழுத்தறியாதவனுக்காக மண்டையோட்டையும் எலும்பையும் வரையச் சொன்னது அவற்றின் 35-ஆம் விதி.

குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம் விலக்கையும், மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கையையும், நீல வட்டம் தலைக்கவசம் அணிதல் போன்ற கட்டாயத்தையும், பச்சைப் பலகை தப்பும் வழியையும் முதலுதவியையும் குறிக்கும் என்று 9457-ஆம் எண்ணுள்ள இந்தியத் தரநிர்ணயமும் வகுத்திருக்கிறது. எனினும் நீலம் என்றால் ஆக்ஞை என்பது எவருக்கும் பிறவி ஞானமன்று. வேலையில் சேரும் முதல் நாளே ஒருவர் அழைத்துச் சென்று சொல்லிக்கொடுத்தாலொழிய, அது சுவருக்கு அலங்காரமே.

எச்சரிக்கை அட்டையின் உண்மையான சோதனை இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் வேளையில் வருகிறது. ஃபிட்டர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் இறங்கியிருக்க, 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதே' என்ற அட்டை மட்டும் வெளியே தொங்குகிறது. ஷிப்டு மாறி வந்தவர் அதைக் கவனியாமல் சுவிட்சைத் தட்டினால் யார் தடுப்பது? அட்டை வேண்டத்தான் வல்லது, தடுக்க வல்லதன்று. ஆதலால் முறையறிந்த ஆலைகளில் மின்சாரத்தைத் துண்டித்துச் சுவிட்சின்மீது பூட்டே போடுகிறார்கள். எத்தனை பேர் உள்ளே இறங்குகிறார்களோ அத்தனை பூட்டு, அவரவர் சாவி அவரவர் பையில். பூட்டோடு தொங்கும் அட்டைக்கு அப்போது மிஞ்சுவது ஒரே வேலை: அது யாருடைய பூட்டு, என்றைக்குப் போட்டது என்று சொல்வது.