சர்வரின் கேட் ரிஜிஸ்டர்

நம்ம கொருக்குப்பேட்டை பக்கம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் வாசலில் ஒரு வாட்ச்மேன், அவர் கையில் ஒரு நீள நோட்டு இருக்கும். வண்டி நம்பர், நேரம், என்ன சரக்கு என்று ஒரு வரி எழுதாமல் லாரி உள்ளே போகாது. வெப் சர்வர் செய்வதும் இதே வேலைதான். அந்த நோட்டுக்குப் பெயர் லாக் ஃபைல்.

யார் எதைக் கேட்டாலும் ஐ.பி. முகவரி, தேதி, நேரம், கேட்ட ஃபைல், பதில் எண், அனுப்பிய பைட் அளவு எல்லாம் ஒரே வரியில் பதிவாகிவிடும். 200 என்றால் கொடுத்தாச்சு. 404 என்றால் அப்படியொரு ஃபைலே இல்லை. ஒரு பக்கத்தில் 10 படம் இருந்தால், ஒருத்தர் ஒரு தடவை திறந்தாலே 11 வரி விழும். இதற்குத்தான் 'ஹிட்' என்று பெயர். "எங்க சைட்டுக்கு மாசம் லட்சம் ஹிட்" என்று யாராவது பீற்றிக்கொண்டால், எத்தனை படம் வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்!

இந்த வரிகளை எண்ணிக் கணக்குச் சொல்லும் மென்பொருள்கள் 1990களிலேயே வந்துவிட்டன. ஸ்டீபன் டர்னர் 1995இல் வெளியிட்ட 'அனலாக்', அப்புறம் 'வெபலைசர்', பெர்ல் மொழியில் எழுதப்பட்ட 'ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ்' என்று எல்லாமே இலவசம். இவற்றுக்கு வந்த சின்ன அப்டேட்டுகளில் பெரும்பாலும் புதுத் திரையோ கலரோ இருக்காது. பிரவுசர் பட்டியலில் நாலு பெயர், ரோபோ பட்டியலில் பத்துப் பெயர் கூடியிருக்கும், அவ்வளவுதான். "இதுக்கா அப்டேட்?" என்று தோன்றும்.

ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2008இல் குரோம் வந்தபோது அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் 'சஃபாரி' என்ற சொல்லும் இருந்தது. பழைய பட்டியலை வைத்திருக்கும் மென்பொருள் அதை சஃபாரி கணக்கில் சேர்த்துவிடும். ரோபோ கதை இதைவிட மோசம். கூகுள் போன்ற தேடுபொறிகள் அனுப்பும் ரோபோக்கள் பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டே போகும். பட்டியலில் பெயர் இல்லாத ரோபோ மனுஷக் கணக்கில் ஏறிவிடும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விக்கிமீடியாவின் பழைய பக்கக் கணக்கில் ரோபோக்களும் கலந்தே இருந்தன. 2015இல்தான் புது முறை வந்து அவற்றைப் பிரித்தார்கள். 2020இல், மனுஷன் மாதிரி நடிக்கும் ரோபோக்களுக்கும் தனி வரிசை போட்டார்கள். ராத்திரி கண் விழித்து ஒரு தமிழ்க் கட்டுரை எழுதியவருக்கு, படித்தது நூறு பேரா, நூறு மெஷினா என்று தெரிய வேண்டாமா?

எங்க அப்பா குட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிறவர். மூட்டைக் கணக்குக்குத்தான் கூலி. எண்ணுகிற ஆள் ஒன்றை விட்டால் அன்றைக்குக் காசு குறையும். எங்க வீட்டிலிருந்து டிப்ளமோவுக்கு வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு இந்த லாக் ஃபைலை விளக்கியபோது ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். நமக்கு லேபில் ஒரு வாரம் ஆச்சு!

தமிழுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. முகவரியில் 'அம்மா' என்று தமிழில் இருந்தால் லாக்கில் அப்படியே விழாது. யூனிகோடில் அது 5 குறிகள். யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விழும். ஆக, 'அம்மா'வுக்கு 45 எழுத்து! இதைத் திருப்பித் தமிழாக்கிக் காட்ட ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸில் தனியாக ஒரு பிளக்-இன் உண்டு. லேபில் லினக்ஸ் மெஷின் காலியாக இருந்தால் அதைப் போட்டும் போடாமலும் ஒரே லாக்கை ஓட்டிப் பாருங்கள்.