உருவம் ஒன்று, அர்த்தம் வேறு!

ஸ்பானிய பாஷையை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதைப் போல் சுலபமான வேலை உலகத்தில் வேறு இல்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி எண்ணுவதற்கு நியாயமும் இருக்கிறது. ஸ்பானியம், லத்தீன் பாஷையின் சொந்தப் புத்திரி. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்ததுதான். ஆயினும் 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை ஜயித்த பிறகு, பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் அது ஆயிரக்கணக்கான வார்த்தைகளைக் கடன் வாங்கிக்கொண்டது. ஆகவே, இரண்டு பாஷைகளிலும் ஏறக்குறைய ஒரே உருவத்துடன் விளங்கும் சொற்கள் ஏராளம். ஆங்கிலேயனின் 'ஹாஸ்பிடல்', ஸ்பானியனுக்கு 'ஓஸ்பிதால்'. இவனுடைய 'அனிமல்', அவனுடைய 'அனிமால்'. இவற்றைக் காணும் மாணாக்கன், "பாதிப் பாஷை நமக்கு இனாமாகவே வந்துவிட்டது!" என்று மகிழ்ந்து போகிறான்.

மகிழ்ச்சி நீடிப்பதில்லை. இனாமாக வந்த சரக்கில்தான் போலிச் சரக்கும் கலந்திருக்கிறது.

ஸ்பானியத்தில் 'எம்பராஸாதா' என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் வெட்கப்பட்டவளைக் குறிக்கும் 'எம்பரஸ்ட்' என்ற சொல்லின் இரட்டைப் பிள்ளை போலவே அது தோன்றும். ஆனால் அதன் பொருள் கர்ப்பிணி என்பது! ஸ்பெயின் தேசத்தார் ஒருவர், தாம் 'கான்ஸ்திபாதோ'வாக இருப்பதாகச் சொன்னால், அவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒலியை மட்டும் நம்பிய ஆங்கிலேயர் அதை மலச்சிக்கல் என்று எண்ணி, விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டு போவார். 'லிப்ரெரீயா' என்பது புஸ்தக சாலை அன்று, புஸ்தகக் கடை. இரவல் வாங்கப் போனவர் விலை கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

இப்படிப்பட்ட சொற்களைப் 'பொய் நண்பர்கள்' என்று மொழியறிஞர்கள் அழைக்கிறார்கள். நமக்கும் இந்த நண்பர்கள் புதியவர்கள் அல்லர். ஹிந்தியில் 'சிக்ஷா மந்திரி' என்றால் கல்வி அமைச்சர். தமிழ்நாட்டான் அதைக் கேட்டால், சிட்சை கொடுப்பதற்கென்றே ஒரு மந்திரியா என்று திகைப்பான். 'சம்சாரம்' என்பது நம் வீடுகளில் மனைவியைக் குறிக்கும். ஹிந்திக்காரருக்கோ அது உலகம் முழுவதையும் குறிக்கும். (இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லும் கணவன்மாரும் இருக்கலாம், அது வேறு விஷயம்.) இரு பாஷைகளும் ஒரே சம்ஸ்கிருதக் களஞ்சியத்திலிருந்து எடுத்த சொற்களே இவை. எடுத்த பிறகு அவரவர் வீட்டு வழக்கப்படி அவை வளர்ந்துவிட்டன.

ஸ்பானியமும் ஆங்கிலமும் செய்தது அதுவேதான். லத்தீனில் 'எக்ஸிதூஸ்' என்ற சொல்லுக்கு வெளியே செல்லுதல் என்றும், ஒரு காரியத்தின் முடிவு என்றும் இரு பொருள்கள் உண்டு. ஆங்கிலம் முதற் பொருளை எடுத்துக்கொண்டு, நாடகக் கொட்டகையின் வெளி வாசலுக்கு மேல் 'எக்ஸிட்' என்று எழுதி வைத்தது. ஸ்பானியம் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு, நல்ல முடிவையே, அதாவது வெற்றியையே, 'எக்ஸிதோ' என்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் வாசலைக் காட்டுகிறான். மற்றவன் மாலை போடுகிறான்.

ஒரு சொல்லின் விலை

இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடிய வேடிக்கைகள் என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் 1980-ஆம் வருஷம் அமெரிக்காவில், ஃப்ளாரிடா மாகாணத்தில் நடந்த ஒரு சம்பவம் சிரிப்பதற்குரியது அன்று.

பதினெட்டு வயது வாலிபன் ஒருவன் கடுமையான தலைவலிக்குப் பின் நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டான். அவனைச் சேர்ந்தவர்கள் க்யூபா தேசத்து ஸ்பானியம் பேசுகிறவர்கள். தின்ற பண்டம் ஏதோ ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது என்று அவர்கள் எண்ணினார்கள். அதைத் தெரிவிக்க 'இன்டாக்ஸிகாதோ' என்ற சொல்லை உபயோகித்தார்கள். க்யூபா வழக்கில் உண்டதாலோ குடித்ததாலோ உடம்பு கெட்டுப்போனவனுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆங்கிலத்திலோ அதே ஒலியுள்ள சொல் போதை தலைக்கேறியவனைக் குறிக்கிறது. வைத்தியர்களின் காதில் விழுந்தது ஆங்கிலச் சொல்லே. வாலிபன் போதை மருந்தை அளவு மீறி உட்கொண்டுவிட்டான் என்று தீர்மானித்து, அதற்கே சிகிச்சை செய்தார்கள். உண்மையில் அவனுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. அது தெரிய வருவதற்குள் இரண்டு நாட்களுக்கு மேல் கழிந்துவிட்டன. உயிர் தப்பியது, கைகளும் கால்களும் செயலற்றுப் போயின. பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, அவனுடைய ஆயுட்கால நஷ்ட ஈடு சுமார் 7 கோடி 10 லட்சம் டாலர் வரையில் ஆகுமென்று மதிப்பிட்டார்கள்.

தகுந்த துபாஷி ஒருவர் அங்கே இருந்திருந்தால், "தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்" என்று ஒரு வாக்கியத்தில் விஷயத்தை விளக்கியிருப்பார். துபாஷியை அழைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனெனில், சொல் புரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். முற்றிலும் தெரியாத வார்த்தையைக் கேட்டவன், "அப்படியென்றால் என்ன?" என்று வினவுவான். தெரிந்தது போல் தோன்றும் வார்த்தை அந்தக் கேள்வியையே எழ விடுவதில்லை. பொய் நண்பனின் துரோகம் இங்கேதான் இருக்கிறது.

சனிக்கிழமைச் சாப்பாடு

ஆஸ்பத்திரியை விட்டு இலக்கியத்துக்கு வருவோம். அங்கே உயிருக்கு அபாயமில்லை. மொழிபெயர்ப்பாளர் படும் பாட்டில் மட்டும் குறைவில்லை.

ஸ்பானிய இலக்கியத்தின் சிகரமான 'டான் க்விக்ஸோட்' நவீனத்தை மிகேல் டி ஸெர்வாண்டிஸ் 1605-லும் 1615-லும் இரு பாகங்களாக வெளியிட்டார். முதற் பாகத்தை 1612-லேயே ஆங்கிலத்தில் கொணர்ந்தவர் தாமஸ் ஷெல்டன். நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக நாற்பது நாளில் அதை முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்! அவருக்குப் பின் இன்று வரையில் பலர் அந்த நூலைத் திரும்பத் திரும்ப ஆங்கிலமாக்கி வந்திருக்கிறார்கள். ஏன் இத்தனை பேர் என்று கேட்டால், கதையின் முதற் பக்கத்திலேயே விடை கிடைக்கிறது.

அங்கே கதாநாயகரின் வாராந்தரச் சாப்பாட்டை ஸெர்வாண்டிஸ் வர்ணிக்கிறார். சனிக்கிழமைகளில் அவர் உண்பது 'துவேலோஸ் இ கெப்ராந்தோஸ்' என்ற பதார்த்தம். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'துக்கங்களும் முறிவுகளும்' என்றாகும். துக்கத்தைத் தட்டில் வைத்து உண்பது எப்படி? ஷெல்டன், பன்றி இறைச்சித் துண்டுகளும் முட்டையும் என்று எழுதினார். 1700-ல் மொழிபெயர்த்த பீட்டர் மொட்டே, பெயரின் வேடிக்கையை விட மனமில்லாமல், துயரங்களும் முனகல்களும் என்ற பொருளில் எதுகை மோனை பார்த்து இரண்டு சொற்களைப் போட்டார். 1742-ல் வெளியான சார்லஸ் ஜார்விஸின் மொழிபெயர்ப்பில் அது வெறும் முட்டை அடையாகிவிட்டது. 1755-ல் நாவலாசிரியர் ஸ்மாலெட், வயிற்று வலியும் முணுமுணுப்பும் என்றார். 1885-ல் ஜான் ஆர்ம்ஸ்பி, மிச்சம் மீதி என்று முடித்துக்கொண்டார்.

யார் செய்தது சரி? முட்டை என்று எழுதினால் வயிறு நிறைகிறது, சிரிப்புப் போய்விடுகிறது. துயரம் என்று எழுதினால் சிரிப்பு நிற்கிறது; சாப்பாடு காணாமற் போகிறது. நம் ஊர்ப் 'பழைய'தையும், அதை உண்பவனின் ஏழ்மையையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கிப் பாருங்கள். இந்தச் சங்கடம் விளங்கும்.

இந்த விஷயத்தை ஸெர்வாண்டிஸே அறிந்திருந்தார். தமது கதை ஓர் அரபு நூலின் மொழிபெயர்ப்பு என்றும், டொலேடோ நகரத்துக் கடை வீதியில் அதைக் கண்டெடுத்து, உலர்ந்த திராக்ஷையும் கோதுமையும் கூலியாகக் கொடுத்து மொழிபெயர்க்கச் செய்ததாகவும் அவர் வேடிக்கையாகக் கற்பனை செய்திருக்கிறார். இரண்டாம் பாகத்தில், பார்ஸிலோனாவில் ஓர் அச்சுக்கூடத்துக்குள் நுழையும் டான் க்விக்ஸோட், மொழிபெயர்ப்பைப் படிப்பது சித்திரக் கம்பளத்தைப் பின்புறமாகப் பார்ப்பதற்குச் சமானம் என்கிறார். உருவம் தெரியும்; நூல் முடிச்சுக்களும் கூடவே தெரியும்.

'நீ'யும் 'நீங்க'ளும்

ஆங்கிலக் கம்பளத்தின் பின்புறத்தில் ஓர் இழை அடியோடு அறுந்துபோயிருக்கிறது. அது மரியாதை என்னும் இழை.

ஸ்பானியத்தில் நெருங்கியவர்களைத் 'தூ' என்றும், மரியாதைக்குரியவர்களை 'உஸ்தெத்' என்றும் அழைப்பார்கள். 'தங்கள் கிருபை' என்று பொருள்படும் பழைய தொடர் தேய்ந்து தேய்ந்துதான் 'உஸ்தெத்' ஆயிற்று. ஆங்கிலத்திலோ 'நீ'க்குரிய பழைய 'தௌ' 17-ஆம் நூற்றாண்டில் வழக்கொழியத் தொடங்கி, இன்று அரசனுக்கும் ஆண்டிக்கும், கடவுள் நீங்கலாக, 'யூ' ஒன்றுதான்.

டான் க்விக்ஸோட் தம் சேவகன் ஸாங்கோவைத் 'தூ' என்று அழைப்பது வழக்கம். ஒரு நாள் இரவு இருவரும் இருட்டில் பயங்கரமான இடிச் சத்தத்தைக் கேட்கிறார்கள். மகத்தான வீரச் செயலுக்கு எஜமானர் ஆயத்தமாகிறார். பொழுது விடிந்ததும் பார்த்தால், அது கம்பளித் துணியை இடித்துக் கெட்டிப்படுத்தும் நீராலையின் சம்மட்டிச் சத்தம்! ஸாங்கோ விழுந்து விழுந்து சிரித்து, எஜமானரின் வீர வசனத்தையும் பரிகாசமாகத் திருப்பிச் சொல்கிறான். அவர் ஈட்டிக் கம்பால் அவனுக்கு இரண்டு அடி கொடுக்கிறார். அப்போது அவர் வாயில் 'தூ' மறைந்து, அக்காலத்தில் விலக்கி நிறுத்திப் பேசுவதற்கு உதவிய 'வோஸ்' என்ற சொல் வருகிறது. அடியைவிட இதுதான் கோபத்தின் ஆழத்தைக் காட்டுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அடி விழுகிறது. கோபத்தின் இந்தச் சாயல் விழுவதில்லை. முன்னும் 'யூ', பின்னும் 'யூ'.

தமிழனுக்கு இதை விளக்க வேண்டுமா? நாளெல்லாம் "வாடா, போடா" என்று பிள்ளையை அழைக்கும் தகப்பனார், கோபம் மிஞ்சியதும், "வாருங்கள் ஐயா! இப்போதுதான் வீட்டுக்கு வழி தெரிந்ததோ?" என்கிறார். பிள்ளைக்குக் குலை நடுங்குகிறது. ஆங்கிலேயர் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டிய இடத்தை நாம் ஒரு விகுதியில் சொல்லிவிடலாம்.

மயிரும் காலும்

இப்படியிருக்க, ஸ்பானியத்தை நாம் ஆங்கிலத்தின் வழியாகவே கண்டால் என்ன ஆகும்? ஓர் உதாரணம் போதும். ஒருவனைக் கேலி செய்வதை ஸ்பானியர் 'தலை மயிரைப் பிடிப்பது' என்பார்கள். ஆங்கிலேயர் மயிரை விட்டுவிட்டுக் 'காலை இழுப்பது' என்பார்கள். அந்த ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குகிறவர் 'காலை வாரினான்' என்று எழுதிவிடுவார். நம்முடைய வழக்கில் காலை வாருவது கேலி அன்று, நம்பியவனைக் கவிழ்ப்பது! ஸ்பெயினில் நண்பனைப் பரிகசித்தவன், லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்வதற்குள் நம்பிக்கைத் துரோகியாகிவிடுகிறான்.

'கெரில்லா' என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. ஸ்பானியத்தில் 'கெர்ரா' என்றால் யுத்தம். 'கெரில்லா' என்றால் சிறு யுத்தம். 1808-ல் தொடங்கி நெப்போலியனின் சேனைகளை ஸ்பெயின் தேசத்து ஜனங்கள் சிறு சிறு கூட்டங்களாக எதிர்த்துப் போராடியபோது, அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. அங்கே அது யுத்தத்தை விட்டுப் போர்வீரனைக் குறிக்கலாயிற்று. பிறகு அது தமிழுக்கு வந்தது. நாம் 'கெரில்லா யுத்தம்' என்கிறோம். அதாவது 'சிறு யுத்த யுத்தம்'! சில பத்திரிகைகளில் அது 'கொரில்லாப் போர்' என்றும் அச்சாகிறது. சுதந்திரத்துக்காகப் போராடிய ஒரு தேசத்து மக்களின் சொல், ஆப்பிரிக்கக் காட்டு மனிதக் குரங்கின் தலையில் போய் விடிந்தது.

பழமொழிகளிலும் ஆங்கிலத்தைவிட நமக்கே வாய்ப்பு அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. 'கொல்லன் வீட்டில் மரக் கத்தி' என்பான் ஸ்பானியன். 'வாத்தியார் பிள்ளை மக்கு' என்போம் நாம். 'பறக்கும் நூறு பறவைகளைவிடக் கையிலுள்ள ஒரு பறவை மேல்' என்பான் அவன்; 'கிடைக்கப்போகிற பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல்' என்போம் நாம். சொல் ஒன்றுகூட ஒட்டவில்லை. கருத்து அப்படியே ஒட்டுகிறது. சிறந்த மொழிபெயர்ப்புக்கு இதுவே இலக்கணம்.

ஸ்பானியம் இன்று இருபது நாடுகளின் ராஜாங்க பாஷை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் நான்கு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் அதையே பேசுகிறார்கள். அந்தப் பாஷையின் இலக்கியத்தில் தமிழுக்கு வந்திருப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாக வந்தவை. அவற்றைக் கொண்டுவந்த அன்பர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்; அவர்கள் இல்லாவிட்டால் அந்த விருந்தே நமக்குக் கிடைத்திராது. ஆனாலும் இரவல் மூக்குக் கண்ணாடியை எத்தனை காலம் போட்டுக்கொண்டிருப்பது? டில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலை போன்ற இடங்களில் ஸ்பானியம் கற்பிக்கிறார்கள். தமிழ் இளைஞர்களும் யுவதிகளும் சிலர் அதை ஊன்றிக் கற்று, நேரே தமிழில் எழுத முன்வர வேண்டும். அப்போது ஸாங்கோவின் எஜமானர் கோபித்துக்கொள்ளும் இடத்தில், அவர் எவ்வளவு கோபித்துக்கொண்டார் என்பது நமக்கு அடிக்குறிப்பின்றியே தெரியவரும்.